எல்லைக்கோடு காக்காத உயிர்கள்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா இந்தியாவில் நன்றாகக் காக்கப்படும் பறவை வாழிடங்களில் ஒன்று. வேட்டைக்குத் தடை, மரம் வெட்டத் தடை, வனக்காவல், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி எல்லாம் அதற்கு உண்டு. 1987-88இல் அங்கே 350 இணைகளுக்கு மேல் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டின. 1998-99இல் எஞ்சியவை 20 அளவே. அடுத்த சில ஆண்டுகளில் அவையும் மறைந்தன. தெற்கே, தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளிறின. பவளத்தை வெட்டி எடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் அந்த ஆண்டுகளில் பவளத்தைக் கொன்றது கடப்பாரை இல்லை, சூடேறிய கடல்நீர். இரண்டு இடங்களிலும் அழிவு எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது. ஒன்றில் இரையோடு, மற்றதில் நீரோடு. காடழிப்பும் வேட்டையும் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்; அவற்றுக்கு எதிராக எல்லை வகுத்துக் காவல் போடலாம். வேதிப்பொருளும் வெப்பமும் உடலுக்குள் என்ன செய்கின்றன என்று தெரியாதவரை எதை நிறுத்துவது, எவ்வளவு நிறுத்துவது என்ற கேள்விக்கே பதில் கிடையாது. அந்தப் பதிலைத் தருவது சோதனை உயிரியல். ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை முடிந்தவரை மாறாமல் வைத்து, உயிருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் துறை அது. உயிரினப் பாதுகாப்பில் கணக்கெடுப்புக்கும் வாழிடக் காவலுக்கும் தரும் முக்கியத்துவத்தை இந்தத் துறைக்கும் தந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாறுகளின் கதையை விரிவாகப் பார்க்க வேண்டும். இந்த வாதத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வாழ்ந்த பெரிய கழுகினங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டுவிடும் வழக்கம் இருந்த நாட்டில் அவற்றுக்கு உணவுப் பஞ்சமே இல்லை. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. நீண்ட அலகுடைய மற்ற இரு பாறு இனங்களும் 97 சதவீத அளவுக்குச் சரிந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இந்தச் சரிவை எண்களோடு உலகுக்குச் சொன்னது 1999இல். சரிவு உண்மை என்பதில் அதன்பிறகு யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. காரணம்தான் தெரியவில்லை. பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி நாள்கணக்கில் மரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு விழுந்து செத்தன. புதிய தொற்றுநோய் என்று பலர் நினைத்தார்கள். பூச்சிக்கொல்லி, கன உலோகம், இரைத் தட்டுப்பாடு என்று வேறு ஊகங்களும் இருந்தன. ஒவ்வோர் ஊகத்துக்கும் ஏற்ற தீர்வு வேறு. நோய் என்றால் தனிமைப்படுத்த வேண்டும், பூச்சிக்கொல்லி என்றால் வயலைப் பார்க்க வேண்டும், இரை இல்லை என்றால் இரை போட வேண்டும். இன்னும் துல்லியமாக எண்ணியிருந்தாலும் இவற்றில் எது என்று கணக்கெடுப்பு சொல்லியிருக்காது.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. அமெரிக்கக் கால்நடை நோயியல் அறிஞர் லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவும் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கல்லீரல், இதயம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படிவு இருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற முடியாமல் உள்ளுறுப்புகளின் மேல் படிந்துவிட்டது. கிருமிகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. உலோகமும் பூச்சிக்கொல்லியும் காரணமாகத் தெரியவில்லை. பிறகு அவர்கள் கேட்ட கேள்வி மிக எளியது: பாறுகள் தின்பது செத்த கால்நடை என்றால், அந்தக் கால்நடைக்குச் சாவதற்கு முன் என்ன ஊசி போடுகிறார்கள்? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் விசாரித்தபோது டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து அகப்பட்டது. மலிவானது, எங்கும் கிடைப்பது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வெள்ளைப் படிவோடு செத்த 25 பாறுகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள். 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. படிவு இல்லாமல் வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் ஓக்ஸ் அத்தோடு நிற்கவில்லை. அவர் நிற்காததுதான் இங்கே முக்கியம். சாகும் பறவையில் மருந்து இருந்தது என்பது மருந்தால் செத்தது என்பதற்கு நிரூபணம் ஆகாது. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் இருந்திருக்கலாம். காயம்பட்டுக் காட்டில் திரும்ப விடமுடியாத பாறுகளுக்கு நேரடியாக மருந்து கொடுத்தும், மருந்து செலுத்திய எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியைத் தின்னவிட்டும் பார்த்தார்கள். அந்த இறைச்சியைத் தின்ற 20 பறவைகளில் 13 சிறுநீரகம் கெட்டு, அதே வெள்ளைப் படிவோடு செத்தன. 2004இல் நேச்சர் இதழில் இது வந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, பாறுகளுக்குக் கிடைக்கும் பிணங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து கொல்லும் அளவில் இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு நிகழ்ந்துவிடும் என்று கணக்கிட்டது. ஒரே பிணத்தைப் பல பாறுகள் கூடித் தின்பதாலும், அவை ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதாலும் அப்படி. தடை வேண்டும் என்று கேட்டவர்களிடம் இப்போது ஊகம் இல்லை, அளவு இருந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. பாறுகள் இல்லாத ஊர்களில் மனிதர்களுக்கும் இழப்பு நேர்ந்தது. எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளியல் அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, அழுகும் பிணங்களாலும் பெருகிய தெருநாய்களாலும் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித இறப்புகள் நேர்ந்ததாக மதிப்பிடுகிறது. ஒரு பறவையின் சிறுநீரகத்தில் நடந்ததைப் பத்தாண்டு தாமதமாகத் தெரிந்துகொண்டதற்கு நாம் கொடுத்த விலை இது.

சோதனை குற்றவாளியைக் காட்டியதோடு முடியவில்லை. வலியில் துடிக்கும் மாட்டுக்கு மருந்து கொடுக்காதே என்று விவசாயியிடம் சொல்ல முடியாது. சொன்னாலும் கேட்கமாட்டார், கேட்க வேண்டியதும் இல்லை. மாற்று மருந்து தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜெரி ஸ்வானும் அந்நாட்டு, இந்திய ஆய்வாளர்களும் மெலோக்சிகாம் என்ற மருந்தைப் படிப்படியாகச் சோதித்தார்கள். அதற்கு முன்பே உலகெங்கும் விலங்குக் காட்சிசாலைகளில் 60 இனங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பறவைகளுக்கு அது தீங்கின்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. முதலில் ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு, அதில் தீங்கு இல்லை என்று உறுதியான பிறகே ஆசியப் பாறுகள். 2006இல் முடிவு வந்தது: பாதுகாப்பானது. தடையை நடைமுறைப்படுத்த முடிந்ததற்குப் பாதிக் காரணம் இந்த மாற்று. நேபாளத்தில் பாறுகள் மெல்லப் பெருகத் தொடங்கின. இந்தியாவிலும் சரிவின் வேகம் குறைந்தது.

இந்தக் கதைக்கு வருத்தமான பின்பகுதி ஒன்று உண்டு. கீட்டோபுரோஃபென் என்ற வலிமருந்தும் பாறுகளைக் கொல்லும் என்று 2010இலேயே சோதனை காட்டியது. அசிகுளோஃபெனாக் என்ற மற்றொரு வலிமருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்று 2016இல் தெரிந்தது. இரண்டையும் இந்தியா தடை செய்தது 2023இல். நிமிசுலைடு என்ற இன்னொரு வலிமருந்தின் முறை 2024 இறுதியில் வந்தது. ஸ்பெயினில் நடந்தது இன்னும் மோசம். டைக்ளோஃபெனாக் பாறுகளுக்கு என்ன செய்யும் என்று உலகமே அறிந்த பிறகு, 2013இல் அந்நாடு அதைக் கால்நடைக்கு அனுமதித்தது. 2020இல் அங்கே ஒரு கரும்பாறு அதனால் செத்துக் கிடந்தது. எந்த இடத்திலும் அறிவு இல்லாமல் போகவில்லை. மருந்தை விற்பனைக்கு விட்டுவிட்டுப் பிறகு சோதிப்பது என்ற வரிசைதான் தவறு. மோயாறு பள்ளத்தாக்கில் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் பாறுக் கூட்டம் தென்னிந்தியாவின் கடைசிப் பெரிய கூட்டம். காப்புக்காட்டின் விளிம்பில் இருக்கும் ஓர் ஊரில் புதிய வலிமருந்து ஒன்று விற்பனைக்கு வந்தால் போதும், அந்தக் கூட்டத்தைக் காப்புக்காட்டின் எல்லை காப்பாற்றாது.

மருந்து ஒற்றைக் காரணம், அதைத் தடை செய்யலாம்; வெப்பத்தைத் தடை செய்ய முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காலநிலை மாற்றத்தில் சோதனை உயிரியலின் பணி வேறு வகையானது. எந்த உயிர், எந்த வெப்பத்தில், உடலின் எந்தப் பகுதி தோற்று வீழ்கிறது என்று அது அளந்து சொல்கிறது. கனடாவின் ஃபிரேசர் நதியில் சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறுகின்றன. வழியில் இரை எடுப்பதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து, எதிர்நீச்சலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகின்றன. 1950களிலிருந்து அந்த நதியின் கோடை உச்ச வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி கூடியிருக்கிறது. வெப்பமான ஆண்டுகளில் ஏராளமான மீன்கள் முட்டையிடும் இடத்தை அடையாமலே சாகின்றன. எரிகா எலியாசன், அந்தோனி ஃபேரல் முதலானோர் இந்த மீன்களை நீச்சல் குழாய்களில் நீந்தவிட்டு, ஓய்வில் எவ்வளவு ஆக்சிஜன் தேவை, முழு வேகத்தில் எவ்வளவு எடுக்க முடிகிறது என்று வெவ்வேறு வெப்பங்களில் அளந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மீன் நீந்துவதற்கு மிஞ்சும் மூச்சு. நீர் சூடேற ஏற ஓய்வுத் தேவையே கூடிக்கொண்டு போகிறது. இதயத்துடிப்போ ஓர் அளவுக்கு மேல் வேகமெடுக்க முடியாமல் தேங்கிவிடுகிறது. மிச்சம் சுருங்கி, மீன் ஓட்டத்தை எதிர்க்கும் சக்தியை இழக்கிறது.

2011இல் சயன்ஸ் இதழில் வந்த இந்த ஆய்வின் ஆழமான முடிவு, ஒரே நதியின் ஒரே இனத்துக்குள்ளும் எல்லை ஒன்றாக இல்லை என்பது. பனியாறு உருகி நிரம்பும் சில்கோ ஏரியை நோக்கி 600 கிலோமீட்டருக்கு மேல், ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்துக்கு ஏறும் கூட்டம் வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறது; அதன் இதயம் பெரியது, அட்ரினலினுக்கு வலுவாக எதிர்வினை தருவது. கடலுக்கு அருகில் முட்டையிடும் கூட்டங்களின் தாங்குதிறன் குறைவு. மீன்வளத் துறையின் கையில் இது ஒரு கருவி. ஆற்றின் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் முன்கூட்டிக் கணித்து, வழியில் எத்தனை மீன் சாகும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டு பிடிக்கவிடும் அளவைக் குறைக்கும் முறை ஃபிரேசரில் நடைமுறையில் உள்ளது. எந்தக் கூட்டத்துக்கு எப்போது வலை விரிக்கலாகாது என்று உடலியங்கியல் சொல்லும்போது, சூடான கோடையில் மனிதரால் நேரும் சாவையாவது குறைக்க முடிகிறது.

பவளத்தில் சோதனை இன்னும் துணிந்து இறங்குகிறது. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவில் பெரும்பங்கைத் தருகிறது. நீர் அளவு மீறிச் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை குலைந்து நச்சான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. நிறம் போவது அதனால்தான். அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில், வற்றிய அலையில் 34, 35 டிகிரி வரை காயும் குட்டைகளில் பவளங்கள் உயிரோடு இருக்கின்றன. ஸ்டீபன் பலும்பியின் குழு அருகிலுள்ள குளிர்ந்த குட்டையின் பவளங்களைச் சூடான குட்டைக்கு மாற்றி நட்டது. இரண்டு ஆண்டுக்குள் அவை வெப்பக் குட்டைப் பவளங்களுக்கு உள்ள தாங்குதிறனில் கணிசமான பங்கைப் பெற்றுவிட்டன. ஆனால் முழுவதும் பெறவில்லை. எஞ்சியது பரம்பரையில் வருவது. ஆஸ்திரேலியாவில் மேடலின் வான் ஓப்பனின் ஆய்வகம் நுண்பாசியையே நான்கு ஆண்டுகள் 31 டிகிரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. அப்படிப் பழகிய 10 வகைகளில் 3, பவளக் குஞ்சுகளுக்குள் புகுந்ததும் அவற்றின் தாங்குதிறனையும் உயர்த்தின. பலாவ் தீவில் வெப்பம் தாங்கும் தாய்ப்பவளங்களைத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த முயற்சியும் பலன் தந்தது.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. வெப்பம் தாங்கும் பவளத்தை ஆய்வகம் உருவாக்கிவிடும் என்ற நம்பிக்கை, கரி எரிப்பதைக் குறைக்க வேண்டிய அவசரத்தைத் தளர்த்திவிடாதா? தளர்த்த விரும்புவோர் அதை நிச்சயம் சாக்காகக் காட்டுவார்கள். ஆனால் சோதனைகளின் எண்களைப் படித்தவர் அப்படிச் சொல்ல முடியாது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதல் சூடு ஒரு வாரம் நீடிப்பதை ஓர் அலகாகக் கொண்டால், 4 அலகில் வெளிறல் தொடங்குகிறது, 8 அலகில் பெருஞ்சாவு. பலாவில் ஒரு தலைமுறைத் தெரிவு தரக்கூடிய ஆதாயம் ஏறத்தாழ 1 அலகு. கடல் வெப்ப அலைகள் கூடிவரும் வேகத்துக்கு அது ஈடாகாது. உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினால் 70 முதல் 90 சதவீதப் பவளப்பாறைகள் அழியும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் என்று 2018இல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு சொன்னதும் இத்தகைய அறிவின் மேல் நின்றுதான். உயிரின் தாங்கும் எல்லையை அளந்து காட்டுவதைவிட உமிழ்வுக் குறைப்புக்கு உறுதியான வாதம் எதுவும் இல்லை. ஆய்வகம் தருவது அவகாசம். அந்த அவகாசத்தின் நீளத்தையும் அதுவே மறைக்காமல் சொல்கிறது.

ஆய்வகம் வேறு, காடு வேறு என்பது இரண்டாவது மறுப்பு. தொட்டியில் ஒரு காரணியை மாற்றிப் பார்ப்பதால், வறட்சியும் நோயும் பசியும் ஒன்றாக வரும் நிஜ உலகைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? தொட்டியோடு நின்றுவிட்ட ஆய்வைப் பற்றி இந்தக் குறை சரியானது. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை தொட்டியோடு நிற்கவில்லை. பாறுகளில் காட்டுப் பிணங்களின் சான்றும் கூண்டுச் சோதனையும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. ஓஃபுவில் சோதனையே கடலில்தான் நடந்தது. தவளைகளில் இன்னும் அழகான எடுத்துக்காட்டு உண்டு. தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை 500க்கும் மேற்பட்ட நீர்நில வாழ் இனங்களைச் சரித்து, அவற்றில் 90 இனங்களை முற்றாக அழித்திருக்கலாம் என்று 2019இல் மதிப்பிட்டார்கள். இந்தப் பூஞ்சைக்கு 30 டிகிரிச் சூடு ஆகாது. சிட்னியில் அந்தோனி வாடலின் குழு, ஓட்டைகள் உள்ள கட்டடச் செங்கலுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து அடுக்கி, மேலே சிறு கண்ணாடிக் குடில் ஒன்றை வைத்தது. குளிர்காலத்தில் அரிய மணித்தவளைகள் தாமாகவே அந்தச் சூடான ஓட்டைகளுக்குள் போய் உட்கார்ந்தன. நோய் குறைந்தது, அப்படிக் குணமானவை மறுபடி தொற்றையும் நன்றாகத் தாங்கின. முதலில் ஆய்வகத்தில் தவளை எந்த வெப்பத்தை விரும்புகிறது என்ற அளவீடு, பிறகு திறந்த வெளி அடைப்பில் சோதனை, கடைசியில் யாரும் அடுக்கக்கூடிய செங்கல். 2024இல் இது வெளிவந்தது. பூஞ்சையின் பலவீனம் தெரியாமல் இந்த எளிமை வாய்த்திருக்காது.

சாகும் இனத்தின் உயிரையே எடுத்துச் சோதிப்பது அறமா என்பதை எளிதில் கடந்துபோக முடியாது. பாறுகள் மருந்துச் சோதனையில் செத்தன; அது உண்மை. காயமுற்ற, விடமுடியாத பறவைகளைக் கொண்டதும், எண்ணிக்கை மிகுந்த உறவினத்தில் முதலில் பார்த்ததும், மிகக் குறைந்த எண்ணிக்கையோடு நிறுத்தியதும் அந்த உண்மையை அழிப்பதில்லை. ஆனால் எதிர்த்தட்டில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்: ஆண்டுதோறும் எண்ணற்ற பாறுகள் அதே மருந்தால், யாருக்கும் எதையும் கற்றுத்தராமல் செத்துக்கொண்டிருந்தன. உயிரைக் கொல்லாத முறைகள் இருக்கும் இடத்தில் அவற்றையே கொள்ள வேண்டும். சால்மனின் மூச்சை அளக்கக் கொல்ல வேண்டியதில்லை, பவளத்தில் ஒரு கிளைத்துண்டு போதும். எல்லா இனங்களையும் சோதித்துத் தீராதே என்பதற்கும் பதில் உண்டு. உடலின் இயக்கம் புரிந்தால் ஓர் இனத்தின் அறிவு பலவற்றுக்கு உதவும். டைக்ளோஃபெனாக் ஒரு பாறு இனத்தைக் கொன்றது தெரிந்ததும், நெருங்கிய உறவினங்கள் அனைத்தும் ஆபத்தில் இருப்பதைக் கணிக்க முடிந்தது.

வெப்பமண்டலத்தில் வாழும் நமக்கு இந்த அறிவு கூடுதல் அவசரம். கர்டிஸ் டாய்ச்சும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பூச்சிகளின் தாங்குதிறன் அளவீடுகளைத் தொகுத்துக் காட்டியது இதுதான்: துருவங்களில் வெப்பம் அதிகம் கூடினாலும் அடி விழப்போவது வெப்பமண்டல உயிர்களுக்கே. ஆண்டு முழுதும் மாறாத சூட்டில் பரிணமித்ததால் அவற்றின் வசதியான வெப்பமும் கொல்லும் வெப்பமும் அருகருகே இருக்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையின் தவளைகளில் கணிசமானவை கடந்த சில பத்தாண்டுகளில்தான் பெயர் பெற்றன; அவற்றின் வெப்ப எல்லையை அளக்கும் வேலை பெயரிடும் வேலையோடு சேர்ந்தே நடக்க வேண்டும். கால்நடை மருந்துக்கு உரிமம் தருமுன் பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்ற சோதனை கட்டாயமாக வேண்டும். பரேலியின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்தத் திறன் உண்டு, அசிகுளோஃபெனாக் ஆய்வு அதற்குச் சான்று. பவளத்துக்கு, படகில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய தொட்டிகளில் 18 மணி நேரத்தில் தாங்குதிறனை அளக்கும் முறை 2020 முதல் உலகில் புழங்குகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றி அதைச் செய்தால், எந்தத் திட்டின் பவளம் அடுத்த வெப்ப அலையில் பிழைக்க வாய்ப்புள்ளது என்று தெரியும். எந்தத் தீவருகே கழிவுநீரையும் இழுவலையையும் முதலில் நிறுத்துவது, எந்தத் திட்டிலிருந்து கிளை எடுத்து மறுநடவு செய்வது என்ற முடிவுகளை அதன்பிறகு அளவீட்டைக் கொண்டே எடுக்கலாம்.